பல்பு சிவந்தால் லேத்தை நிறுத்தணும்

நேற்று மிக்ஸி கருகிய வாசனையில், கெலமங்கலத்தில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஐம்பதுகளில், ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில், அப்பா அங்கே இரும்பு கடையும் ஒரே ஒரு லேத்தை வைத்துக் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்த்தார். வருகிற கரண்ட் போதாது. அம்மா அரிசி புடைத்தபடியே பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அது மங்கிச் சிவந்ததும், "ஏங்க, செவக்குதுங்க, நிறுத்துங்க!" என்று கத்துவாள், லேத்தின் மோட்டார் கருகுவதற்குள் அப்பா சுவிட்சை அணைப்பார். அவர் சரிசெய்து கொடுத்த ஒவ்வொரு மோட்டாரும் கிணற்றில் ஓட ஓட, எங்கள் பல்பு இன்னும் சிவந்தது. வேலை தாமதமாகி, மோட்டார் கொண்டுவருகிறவர்கள் ஓசூர்ப் பட்டறைகளுக்குப் போகத் தொடங்கினார்கள்.

அப்படியொரு கோடையில், எங்கள் லைனிலேயே கரண்ட் எடுக்கும் பக்கத்துத் தோட்டத்து முனியப்பா, பழுதான தன் கிணற்று மோட்டாரோடு வந்து நின்றார்.

"மேஸ்திரி, கத்திரிச் செடியெல்லாம் சாவுது. சீக்கிரம் பாத்துக் குடுங்க."

அவர் போனதும் அம்மா, "அது ஓடுனா நம்ம லேத்து ஓடுமா? வேணாங்க" என்றாள்.

"செடி காயுதுன்னு வந்து நிக்கறான். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

நின்று நின்று ஓடிய லேத்தில் நான்கு நாள் கடைந்து, அப்பா அந்த மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தார். மறுநாள் காலை முனியப்பா தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்பா சுவிட்சைப் போட்டார். லேத் உறுமியது, சுற்றவில்லை. அணைத்துவிட்டு வெளியே வந்தவர், கத்திரிப் பாத்திகள் நனைவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.