மிதவைக்குப் போட்ட மாட்டு முடிச்சு

கடலை நான் மாடு என்று நினைத்துவிட்டேன், முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பரமக்குடிப் பக்கம் நெல்லும் மிளகாயும் பார்த்து வளர்ந்துவிட்டுக் கடல்சார் பொறியியல் படிக்கப் போனவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மண்டபத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள். எங்கள் மேடம் வாலிநோக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். அலைகளை அளக்கும் கருவியைக் கடலடியில் இறக்கியாயிற்று. ஒரு மாதம் அது அங்கேயே கிடந்து பதிவு செய்யும். இடம் தெரிவதற்கு, அதன் கயிற்றின் மேல்நுனியில் மஞ்சள் மிதவையைக் கட்ட வேண்டும். "முடிச்சுப் போடத் தெரியுமா?" என்றார். "மாடு கட்டுற சம்சாரி வீட்டுப் பிள்ளை மேடம், இதுகூடவா தெரியாது?" என்றேன். நம்பித் திரும்பிக்கொண்டார். நான் போட்டது எங்கள் தொழுவத்து முடிச்சு. எந்த முரட்டுக் காளை இழுத்தாலும் இறுகும். தொங்கும் தலைப்பைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். மாட்டுக்குத் தலைப்பைச் சுண்டத் தெரியாது. கடலுக்குத் தெரிந்திருந்தது.

மாதம் முடிந்து கருவியை எடுக்கப் போனபோது மிதவையைக் காணோம். அது எங்கேயோ கரை ஒதுங்கி, எங்களை ஏற்றிப்போகும் படகுக்கார அண்ணன் கையில் வந்து சேர்ந்தது. அதன் வளையத்தில் கயிற்றின் ஒரு நார்கூட இல்லை; அறுந்ததல்ல, அவிழ்ந்தது. "ஏலே, ஒன் மாடு அவுத்துக்கிட்டு மேயப் போயிருச்சுலே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவி கிடைக்காவிட்டால் ஒரு மாதப் பதிவும் போச்சு, என் பயிற்சிச் சான்றிதழும் போச்சு. அன்று மேடம் மேலதிகாரியிடம் போனில் பேசியது காதில் விழுந்தது: "முடிச்ச நான் சரிபாக்கல சார். தப்பு என்னோடது." என் பெயரே வரவில்லை. அதற்குப் பதில் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சங்கு குளித்துப் பழகிய அந்த அண்ணன் இரண்டு நாள் முங்கித் தேடி வெறுங்கையோடு மேலே வந்தார். மூன்றாம் நாள் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பதிவு பத்திரமாக இருந்தது.

இன்று என்னிடமும் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் போடும் ஒவ்வொரு முடிச்சையும் நான் இழுத்துப் பார்க்கிறேன். கஞ்சன் பீரோவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பதுபோல. அவர்களுக்குச் சிரிப்பு.

அன்று, கிடைத்த கருவியை மேடம் மறுபடி கடலில் இறக்கப் புறப்பட்ட நேரம். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுத்துறையில் நின்றேன்.

"மேடம், நான் ஊருக்குக் கெளம்பட்டுங்களா?"

"கயித்த எடு."