மூடிய மில்லின் மணம்

போன கிழமை வவுனியாவில் பஸ் ஏறினேன். ஒட்டுசுட்டானில் தங்கச்சி வீடு. வழக்கமான பயணம்தான்.

வழியில் ஒரு சந்தி வரும். பெயரை எழுத மாட்டேன் – கெட்ட பெயர் அதற்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. அங்கே ஓர் அரிசி மில் இருந்தது. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு அவிக்கிற மில். புளித்துப்போன அந்தத் தண்ணீரைப் பின்பக்கத்தில் திறந்து விடுவார்கள். அந்த நாற்றம் இருக்கிறதே… வளைவில் திரும்ப முன்னமே பஸ்ஸுக்குள் ஏறிவிடும். கண்டக்டர்மார் சந்தியின் பெயரைச் சொல்வதே இல்லை. "மூக்கைப் பொத்துங்கோ!" என்றால் போதும், இறங்க வேண்டியவர்கள் எழும்பி விடுவார்கள்.

அந்த மில்லை மூடிப் பல மாதம். முதலாளி மெசினையெல்லாம் விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். கண்டக்டர் இன்றைக்கும் அதையேதான் கத்துகிறார். சனமும் லேஞ்சியை மூக்கில் வைக்கிறது. ஜன்னல்கள் படபடவென்று மூடுகின்றன. மூடிய மில்லுக்கு யார் ஐயா மூக்கைப் பொத்துவது?

அந்தச் சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் ரஹீமா ராத்தா. புத்தளத்தில் அகதியாய்க் கிடந்து, பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர். மில் ஓடிய காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள்தான் வாடிக்கை. இப்போது பஸ்தான் கதி. தேத்தண்ணிக்கு ஒரு பஸ் நின்று போனாலே அடுப்பு எரியும். ஆளை இறக்கியதும் பறந்துவிடுகின்றன, எதுவும் நிற்பதில்லை. இந்த மாதத்தோடு கடையைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்கே போகப் போகிறேன் என்றார் முதல்நாள் போனில். ஒரு மனுசி எத்தனை தரம்தான் ஊரை விட்டுப் போவது? அவர் அழவில்லை.

உங்களுக்குத் தெரியும், எனக்குச் சும்மா இருக்க வராது. எழும்பிப்போய் ட்ரைவரிடம் நின்றேன்.

"தம்பி, இண்டைக்கு ஒருக்கா கடையில நிப்பாட்டுங்கோ."

"சனம் பேசும், ரீச்சர்."

"பேசினா நான் பாத்துக்கொள்ளுறன்."

நிறுத்திவிட்டார். சனம் முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. ராத்தா ஓடிவந்தார்.

"ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ."

எல்லோரையும் பக்கத்து மில்லுக்குள் கூட்டிப்போனார். தொட்டிகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. வெடிப்புக்குள் புல். பட்டப்பகல்தான், ஆனாலும் எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. நெல்லு மில் என்றால் குருவி கும்மாளம் போடாதா? இங்கே ஒரு ஈ கூட இல்லை.

வேட்டி கட்டிய ஒருவர் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"ஓம், ஒண்டும் மணக்கேல்லைத்தான்."

ராத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைக்கு வந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார். சுடச்சுட வடை. சனம் சிரித்துக் கதைக்கத் தொடங்கியது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் செட்டிகுளத்துப் பெண் ஒருத்தி வாசலுக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். நிமிர்ந்து, மில் பக்கம் கையைக் காட்டினாள்.

"வருது… இப்ப வருது."

வேட்டிக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு அடுத்தவர். பிறகு எல்லோரும். நான்? பொய் சொல்ல மாட்டேன் – எனக்கும் வந்தது. அதே புளிச்ச நாற்றம். சற்று முன் என் கண்ணால் பார்த்த, சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்தத் தொட்டியிலிருந்து.

பஸ் ஹோர்ன் அடித்தது. சனம் ஓடி ஏறியது. ராத்தாவிடம் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று திரும்பினேன்.

அவர் முக்காட்டை இழுத்து மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தார். கண் இரண்டும் பயத்தில் விரிந்திருந்தன.

"மில் ஓடின காலம் முழுக்க இதுக்குப் பக்கத்திலதான் இருந்தனான், ரீச்சர். ஒருநாளும் எனக்கு மணக்கேல்லை. இப்ப மணக்குது…"

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது கடை பூட்டிக் கிடந்தது.

ஊரோடு ஒத்து வாழ் என்கிறார்கள். சரி – மூக்குமா?