மதினி எண்ணிய பத்துப் பேர்

அறுநூறு பக்கத்துக்கு மேல் இருந்த ஒரு புரோகிராமிங் புத்தகத்தை அரிவாள்மணையில் வைத்து அறுத்ததை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அறுத்தவர் என் மதினி. அண்ணனைக் கட்டிக்கொண்டு போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாழைப்பூ ஆய்ந்து முடித்த கையோடு மணையைத் துடைத்துவிட்டு, புத்தகத்தின் முதுகை அதன் மேல் வைத்து ஒரே அழுத்து அழுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு யாரோ என் முதுகில் கை வைத்ததுபோல் இருந்தது. பத்துப் பாகமாகப் பிரித்து, ஏலக்காய் சாம்பிள் போடும் பிளாஸ்டிக் பையில் ஒவ்வொன்றையும் போட்டுக் கட்டினார். "ஒருத்தன் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒம்போது பேரு கொட்டாவி விடணுமா தம்பி? ஆளுக்கொரு பாகம் கொண்டு போகட்டும். முடிச்சவுக மாத்திக்கிரட்டும்" என்றார். அதுதான் எங்கள் போடி புரோகிராமர் குழுவின் நூலகம்.

நான் அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்பியிருந்தேன். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் நானும் ஒருவன். ஊரில் கேட்டவர்களிடம் "வீட்டிலிருந்தே வேலை" என்று சொல்லி வைத்தேன். அதில் வீடு என்ற பாதி உண்மைதான். மதினிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவரும் கம்ப்யூட்டர் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை மடித்து பீரோவில் வைத்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் மத்தியானம் வரை தூங்குவதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி சும்மா கெடக்குற ஆளுக போடியில இன்னும் ஒம்போது பேராவது இருப்பாக. தேடிக் கூட்டிட்டு வர்றேன்" என்று கிளம்பினார். இரண்டே வாரத்தில் கூட்டிக்கொண்டும் வந்துவிட்டார். ஏலக்காய்க் கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தவர், செல்போன் கடைக்காரர், மலை எஸ்டேட் கணக்கரின் மகள் என்று, படித்தது ஒன்றும் பார்ப்பது ஒன்றுமாக இருந்தவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நான் மதினி என்று கூப்பிட்டதால் மற்றவர்களுக்கும் அவர் மதினி ஆனார். அக்கா என்று கூப்பிட வேண்டிய பெண்களும் மதினி என்றார்கள். அவரைவிட ஆறு வயது மூத்த பில் அடிப்பவரும் கூச்சப்படாமல் மதினி என்றார்.

கூட்டம் மாதம் இரண்டு ஞாயிறு, ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில். மற்ற நாட்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கும் இடம் அது. மதினியின் அப்பா போடியிலிருந்து மலைக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு வைத்திருந்தவர். பத்துத் தலை சேர்ந்தால்தான் அவர் வண்டி நகரும். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, விடிகாலையில் ஸ்டாண்டில் நின்று விரலை நீட்டித் தலை எண்ணி, பானெட்டில் இரண்டு தட்டு தட்டி வண்டியை அனுப்பிவிட்டுத்தான் மதினி பள்ளிக்குப் போவாராம். எங்கள் கூட்டத்தையும் அதே சட்டத்தில்தான் நடத்தினார். பத்துப் பேர் வராமல் லேப்டாப்பைத் திறக்க விடமாட்டார். ஒன்பது பேர் வந்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்த நாளெல்லாம் உண்டு. ஒரு தடவை பொறுமை இழந்து, கீழே காய் எடை போட வந்திருந்த தேவாரம் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பத்தாவது ஆளாகக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அவர் இரண்டு மணி நேரமும் அசையாமல் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி, தோட்டத்துக்குள்ள யானை வந்தா இது முன்கூட்டியே சொல்லுமா?" என்றார். அடுத்த மூன்று மாதம் அதைச் செய்து பார்த்தோம். நாங்கள் செய்த கருவி யானை வந்துபோன மறுநாள் சரியாகத் தகவல் அனுப்பியது.

புத்தகத்தின் பாகங்கள் ஜீப்பு டிரைவர்கள் கையில் மலையேறின, இறங்கின. இன்டர்நெட்டில் இல்லாததா என்று நீங்கள் கேட்கலாம். மதினி அதற்கு ஒப்பவில்லை. இன்டர்நெட்டில் பாடம் படிக்க இறங்குகிறவர்கள் கடைசியில் நண்டு வறுவல் வீடியோவில் போய் நிற்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. என்னை வைத்துத்தான் கணித்திருந்தார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் லூப் பற்றிய பாகம் கணக்கர் மகளிடம் மலையில் இருந்தபோது, மழையில் பாதை சரிந்து ஜீப்பு போக்குவரத்து நின்றுவிட்டது. "இவிட நெட்வொர்க்கும் கிட்டல மதினி, போட்டோ எடுத்து அனுப்பவும் வழியில்ல" என்று மலையின் கேரளப் பக்கமிருந்து அந்தப் பெண் எப்படியோ ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டு வாரம் போடியில் எங்களுக்கு லூப் கிடையாது. செல்போன் கடைக்காரர் ஒரே வரியை நாற்பது தடவை தட்டச்சு செய்து வேலையை முடித்தார். அதில் ஒரு நன்மையும் விளைந்தது. ஒவ்வொருவரும் தன் கையிலிருந்த பாகத்தை உருப்போட்டுவிட்டதால், எந்தச் சந்தேகத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு, அவர்களுக்கும் தெரியாதபோது மதினியைக் கேட்டோம். பத்துப் பாகத்தையும் பைக்குள் போட்டுக் கட்டும் முன்பே அவர் படித்திருந்தார் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியபோதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி அம்மா வந்தார். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கச் சின்ன ஊர்களில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தை எங்கோ கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். போகும்போது, "அடுத்த ஞாயிறு தேர்வு வைக்கிறேனுங்க. ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத்தான் பார்க்க முடியும். பேர் அனுப்பிடுங்க" என்றார். மதினி அங்கேயே விரலை நீட்டி எங்களை எண்ணினார். ஒன்று முதல் பத்து வரை கச்சிதமாக வந்தது. அன்று சாயங்காலமே பட்டியலை அனுப்பிவிட்டு, ஆளுக்கொரு பாகத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லி விரட்ட ஆரம்பித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரில் நான் சொல்லிக்கொண்டிருந்த பொய்யின் மறுபாதியும் உண்மையாகப் போகிறதே என்ற சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "ஏப்பா, அந்தப் பத்துல உன் மதினி எத்தனாவது?" என்று கேட்டார். மருமகள் எந்நேரமும் பொட்டியைத் தட்டிக்கொண்டிருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர் அம்மாதான். எங்கள் குழுவின் மொத்தப் படிப்பும் கண்டுபிடிக்காத பிழையை அவர்தான் கண்டுபிடித்தார். நான் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ரசம் ஊற்ற வந்த மதினி சிரித்துக்கொண்டே, "நான் எங்கிட்டு அத்தே? நான் வண்டி அனுப்புறவ. என் தலையை எண்ணிப் பழக்கமில்ல" என்றார். ரசத்தை ஊற்றிவிட்டுத் திரும்பியவர், கதவுப் பக்கம் நின்று, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும் அந்த வேலை வேணும்னு இவுக பத்துப் பேருல ஒருத்தருக்காவது தோணியிருந்தா நல்லாருந்திருக்கும்." அவ்வளவுதான். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஒன்றரை வருஷம் அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறோம், கீழே ஒரு ஆள் நிற்கிறாரே என்று குனிந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நான் பெயரை மாற்றித் தரச் சொல்லலாமே என்று மெல்ல ஆரம்பித்தேன். "ஏறுன ஆளை இறக்கிவிட்டுட்டு நாம ஏறுறதா? எங்கப்பா வண்டியில அந்தப் பழக்கமே கெடையாது. உங்க சோலியைப் பாருங்க கொழுந்தனாரே, வெரசா போயி ஆறாம் பாகத்தைப் படிங்க" என்று வாயை அடைத்துவிட்டார். அன்று சாயங்காலம் மதினி இல்லாமல் ஒரு தனி வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். விஷயத்தைச் சொல்லி, நம்மில் ஒருவர் விலகி மதினிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். உருக்கமாகவே எழுதினேன். பத்து நிமிஷத்தில் ஒன்பது பேரும் ஆமாம் என்றார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் விலகத்தான் வேண்டும் என்றார் பில் அடிப்பவர். கண்டிப்பாக யாராவது, என்றாள் கணக்கர் மகள். அந்த யாராவது யார் என்பதில் இரண்டு நாள் போனது. எண்ணிச் சொல்ல ஆள் இல்லாததால் அந்தக் குழுவில் ஒரு கூட்டம்கூடத் தொடங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மதினிக்குப் போன் வந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுச் சுவரின் மேல் வைத்தார். கோயம்புத்தூர் அம்மா.

"உங்க ஊர்ல ஏதாவது தகராறுங்களா?"

"இல்லையே மேடம், ஏன்?"

"நேத்து ஒரே நாள்ல உங்க ஆளுங்க ஒன்பது பேர் விலகிக்கிறோம்னு மெயில் அனுப்பியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் தன்னோட இடத்தை மதினிங்கறவங்களுக்குக் கொடுக்கச் சொல்றாங்க. மதினின்னு உங்க குழுவுல யாருங்க? நீங்க அனுப்புன பட்டியல்ல அப்படி ஒரு பேரே இல்லையே."

ஒன்பது பேரும், மற்றவர்களுக்குத் தெரியாமல், தனித்தனியாக விலகியிருக்கிறார்கள். ஒருவர்கூட மதினியின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லையா, அல்லது அப்படி ஒரு பெயர் அவருக்கு இருக்கும் என்றே தோன்றவில்லையா, தெரியவில்லை. மதினி கையிலிருந்த ஈரச் சேலையைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றார். "அது நான்தாங்க மேடம்" என்றார். பிறகு முகத்தை அந்தச் சேலையிலேயே துடைத்துக்கொண்டார். வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது என்ற எண் காதுக்குள் நின்றுகொண்டிருந்தது.

அந்த அம்மா நல்லவர். அரை மணி நேரம் கூடுதலாக இருக்கிறேன் என்று பதினொரு பேரையும் வரச் சொல்லிவிட்டார். தேர்வில் ஒவ்வொருவரிடமும், வேலையில் எங்காவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். பத்துப் பேரும் மதினியைக் கேட்போம் என்றிருக்கிறோம். பதினொன்றாவதாகப் போன மதினி மட்டும் கொஞ்சம் யோசித்து, இதுவரைக்கும் தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். மூன்று பேருக்கு வேலை கிடைத்தது: மதினி, கணக்கர் மகள், நான்.

இப்போது கம்பெனியில் எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவி. கோயம்புத்தூர் அலுவலகத்தில் பெரிய அதிகாரி முதல் காவலாளி வரை அவரை மதினி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது உறவு முறை என்று இனி யாராலும் அவர்களுக்கு விளக்க முடியாது. வீட்டில் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு நான் மெயிலில் லீவு விண்ணப்பம் அனுப்புகிறேன். நிராகரித்துவிட்டு, சாப்பிட வரச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார். கூட்டம் இன்னும் மாடியில் நடக்கிறது. மிச்ச எட்டுப் பேரில் ஐந்து பேர் அங்கிருந்தே வேறு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

என் மெயிலில் ஒரு கடிதம் இருக்கிறது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் எழுதியது. மற்றவர்கள் எழுதியதைவிட நன்றாக எழுதியிருக்கிறேன் என்றே இப்போதும் நினைக்கிறேன். அனுப்பும் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். அது இன்னும் அனுப்பாத கடிதங்களில் கிடக்கிறது. மதினி ஒருநாளும் விலகாத அந்தப் பத்தாவது ஆள் யார் என்று என்னைக் கேட்டதில்லை. போன மாதம் நானே பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாரும் எறங்கிருந்தா அன்னைக்கு டிரிப்பையே கேன்சல் பண்ணிருப்பாக தம்பி. ஒருத்தராவது வண்டிக்குள்ள உக்காந்திருக்கணும்ல" என்றார். அதற்காக நான் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.