கஞ்சி போட்ட இறக்கை

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ரிப்பேர் பார்க்கும் கஜபதி, 1985இல் இரண்டு பேர் பறக்கிற குட்டி விமானம் ஒன்றைத் தானே கட்டினான். என்ஜின் வைத்த மூன்று சக்கர வண்டி. அதைத் தூக்க மேலே ஒரு துணி இறக்கை. நெசவுக்காரப் புத்தி எங்கே போகும்? காற்று ஊடுருவாதிருக்க, தறியில் ஏற்றும் பாவுநூலுக்குப் போடுவதுபோல் இறக்கைக்கும் மனைவி அன்னம்மாளைக் கஞ்சி போடச் சொன்னான்.

முதல்முறை பறக்கவிருந்த காலையில், பனியில் நனைந்த இறக்கை தொளதொளவென்று தொங்கியது. வெயிலில் காய்ந்து விறைத்தாலும், திருத்தணி மலைமேல் மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழை பிடித்தால் இறக்கை நடுவானில் மறுபடி தொளதொளத்துவிடும். இருந்தும் என்ஜினைக் கிளப்பினான். அன்னம்மாள் பின்சீட்டில் ஏறினாள்.

“நீ இறங்கு. நான் மட்டும் போய்ட்டு வரேன்.”

“கஞ்சி போட்டது நான், பாவா. நீ மேல போவ, நான் கீழ நின்னு பாத்துகினு இருக்கணுமா?”

மலைமேல் மேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கஜபதி என்ஜினை அணைத்தான்.