முக்கண்ணனும் தோசைக்கல்லும்

என் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்த டாக்டர், சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. "கேமரா நல்லா இருக்கற போன் ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார்.

நான் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரியாதைக் குறைவு இல்லை. காதைப் பார்த்தால்தான் அவர் முகம் எனக்குக் கிடைக்கும். நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழி ரப்பரால் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல் வட்டம்.

"இது திரும்பி வராது சார். நடுவுல மங்கும், ஓரம் தங்கும். நடமாட்டத்துக்குப் பயமில்ல. படிக்கறது, நுணுக்கமான வேலை, இதுங்கதான் போகும். போன்ல காட்டினா எழுத்தைப் பெருசாக்கும், வாய்விட்டுப் படிச்சும் சொல்லும்."

படிப்பதும் நுணுக்கமான வேலையும் போனால் எனக்கு மிச்சம் இருப்பது சாப்பாடும் தூக்கமும்தான் என்றேன். அவர் சிரித்தார். பொதுவாக இது வயதானவர்களுக்கு வருவது, உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டது என்றும் சொன்னார். கல்யாணம் முதல் பிரமோஷன் வரை எல்லாவற்றுக்கும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவன் நான். இதற்கு மட்டும் முதல் வரிசையில் இடம் பிடித்திருக்கிறேன்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பதவியின் பெயர் நீளமானது, வேலை சின்னது. பெட்டி வெளியே போகுமுன், மேலே ஒட்டிய லேபிளில் இருக்கும் எண்ணும் உள்ளே இரும்பில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து ஓகே சொல்ல வேண்டும். இடப்பக்கத்து பாகத்துக்கும் வலப்பக்கத்து பாகத்துக்கும் கடைசி எண்ணில்தான் வித்தியாசம். ஒன்று மூன்றில் முடியும், இன்னொன்று எட்டில். லேபிளைப் படிக்க ஸ்கேனர் இருக்கிறது. ஆனால் இரும்பையும் லேபிளையும் சேர்த்துப் பார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும் என்று வாங்குகிற கம்பெனி கேட்டிருக்கிறது. அந்த மனிதக் கண் நான்தான். அதற்குத்தான் சம்பளம்.

சில மாதங்களாக மூன்றும் எட்டும் எனக்கு ஒன்றாகிவிட்டன. ஆரம்பத்தில் நகத்தால் தடவிப் பார்த்துச் சமாளித்தேன். குத்திய எண் நகத்துக்குச் சிக்கும். பிறகு கெட்டியான புதுப் பெயின்ட் ஒன்று வந்து பள்ளத்தையெல்லாம் நிரப்பிவிட்டது. கம்பெனியில் சொல்லலாம்தான். சொன்னால் அன்றைக்கே அந்த மேஜையிலிருந்து எழுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. இந்த வயதில், இந்தச் சாலையில் வேறு கம்பெனியில் வேலை கேட்டுப் போனால் செக்யூரிட்டி கேபினிலேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே டாக்டர் சொன்ன அந்தக் கேமராவை நம்பினேன். போன் எனக்குப் பதிலாகப் பார்க்கும், நான் போனுக்குப் பதிலாக ஓகே சொல்வேன், இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்பது திட்டம்.

ஆண்ட்ராய்டில் உச்சத்தில் இருப்பவை அப்போது இரண்டுதான் என்று எல்லா வீடியோ விமர்சகர்களும் சொன்னார்கள். ஒன்றின் முதுகில் மூன்று லென்ஸ்கள் தனித்தனியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக முழித்துக்கொண்டிருக்கும். அதற்கு முக்கண்ணன் என்று பெயர் வைத்தேன். இன்னொன்றில் எல்லா லென்ஸையும் சேர்த்து ஒரே பெரிய கறுப்பு வட்டக் கண்ணாடிக்குள் போட்டிருந்தார்கள். அது தோசைக்கல்.

வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் இந்த வீடியோக்களைக் கேட்டேன். பார்த்தேன் என்று எழுதப் பழக்கம் சொல்கிறது. கேட்டேன் என்பதுதான் சரி. இரண்டு போனிலும் எடுத்த நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்க நண்பர்களே, வித்தியாசத்தை நீங்களே பாருங்க" என்று ஒருவர் உருகினார். நான் இரண்டு நிலாவின் காதையும் பார்த்தேன். இரண்டும் சாம்பல் வட்டம்தான்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் அழவில்லை. அதற்குப் பதில் திட்ட ஆரம்பித்தாள். அது எனக்கு வசதியாக இருந்தது.

"இன்னாங்க, பொண்ணு பாக்கப் போனப்போகூட இவ்ளோ நாள் யோசிக்கலையே நீங்க. ஒரு டீ குடிச்சிட்டு சரின்னுட்டீங்க."

"அப்ப கண்ணு நல்லா இருந்துது."

"இந்த வாய் மட்டும் மங்கவே மங்காது" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. கழுவுவதற்கு அவ்வளவு பாத்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனோம். கடையில் எங்களுக்கு வாய்த்த விற்பனைப் பெண் தென்காசிப் பக்கத்தவள். "வாங்க சார், வாங்க மேடம், ரெண்டையும் கையில வாங்கிப் பாத்துக்கிடுங்க" என்று இரண்டையும் மேஜையில் எடுத்து வைத்தாள். செல்பி, கேம், சார்ஜ் என்று ஆரம்பித்தவளை நிறுத்தி, பையிலிருந்து ஒரு பழைய நாவலை எடுத்தேன். போன் கடைக்கு நாவலோடு வருகிற ஆளை அவள் அதுவரை சந்தித்திருக்கவில்லை என்பது அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்ததில் புரிந்தது.

"இதைப் படிக்கச் சொல்லும்மா."

முக்கண்ணனை முதலில் நீட்டினாள். ஒரு பெண் குரல் உள்ளேயிருந்து கணீரென்று படித்தது. "அவள் ஜன்னலோரம் நின்று தண்ணீர் விட்டாள்."

"கண்ணீர்ங்க அது" என்றாள் என் மனைவி, புத்தகத்தை எட்டிப் பார்த்து.

"செடி கிடி இருந்திருக்குமோ என்னவோ மேடம்" என்றாள் தென்காசிப் பெண்.

அடுத்து தோசைக்கல். அது விரிந்திருந்த இரண்டு பக்கங்களையும் ஒரே பக்கமாக நினைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து வரியையும் அந்தப் பக்கத்து வரியையும் கோத்துப் படித்தது. "தந்தி வந்தபோது அம்மா இறந்து, நெய் தாராளமாக விட்டிருந்ததால் மிகவும் ருசியாக இருந்தது."

கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. இரண்டும் பேசியது ஒரே குரல். அதே பெண்மணி, அதே கணீர், அதே செய்தி வாசிப்பு. இரண்டு கம்பெனிகள், இரண்டு விலைகள், உலகம் முழுக்க இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்று சண்டை போடும் ரசிகர்கள். உள்ளே கதவைத் திறந்தால் ஒரே அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள்.

"ரெண்டுக்கும் ஒரே சாப்ட்வேர்தான சார், வாய்ஸ் அப்படித்தான் வரும்" என்றாள் தென்காசிப் பெண்.

இனி என் வாழ்நாளில் நான் படிக்கப் போகும் ஒவ்வொரு வரியும், காதலோ சாவோ சமையல் குறிப்போ, அந்த அம்மாளின் குரலில்தான் வரும். அவள் கண்ணீர் என்றால் கண்ணீர், தண்ணீர் என்றால் தண்ணீர். வீட்டில் சுவர் நிறைய புத்தகங்கள் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்தவையே ஓர் அலமாரி. அந்த அலமாரியை நினைத்துக்கொண்டு நின்றேன். யாரோ நாற்காலி போட்டார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னா எதையோ ஒண்ணை வாங்கித் தொலைங்க" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி.

இரண்டும் ஒன்று இல்லை. ஒரு வித்தியாசம் இருந்தது. எந்த விமர்சகரும் சொல்லாதது, ஒரகடத்தில் வேலை செய்கிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது: ஸ்டிக்கர்.

எங்கள் கம்பெனிக்குள் போகும் ஒவ்வொரு போனின் கேமராவிலும் கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். யாரும் உள்ளே எதையும் படம் எடுத்துவிடக் கூடாது. வெளியே வரும்போது செக்யூரிட்டி ஸ்டிக்கரைப் பார்த்து, அது கலையாமல் இருந்தால்தான் விடுவார்கள். விலக்கு வேண்டுமானால் காரணம் சொல்லி மேலே அனுமதி வாங்கலாம். என் காரணத்தைச் சொன்னால் விலக்கு கிடைக்கும். எனக்கே கிடைக்கும், வேலையிலிருந்து. தோசைக்கல்லை நீட்டினால் அகலமான ஸ்டிக்கர் ஒன்றால் மொத்த வட்டத்தையும் மூடிவிடுவார்கள். முக்கண்ணனுக்கோ தனித்தனியாகச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்ட வேண்டும். அதில் மூன்றாவது கண் மற்ற இரண்டையும்விடச் சிறியது. அதை டார்ச் லைட் என்று சொல்லிவிட்டால்?

பெரிய படிப்பெல்லாம் படித்தவன், உலக இலக்கியம் பேசுகிறவன், கடைசியில் உச்சபட்ச தொழில்நுட்பத்தை ஒரு பொய்க்கு எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். முக்கண்ணனுக்கு பில் போடச் சொன்னேன். நல்ல செலக்‌ஷன் என்று தென்காசிப் பெண் பாராட்டினாள். தோசைக்கல்லை எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை கேட்டில் வழக்கமாக இருக்கும் செக்யூரிட்டி அம்மாள் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார், புது போனா? சொல்லவே இல்ல. ஸ்வீட்டு எங்க?"

"நாளைக்குக் கொண்டாறேன்."

ஒன்று ஒட்டினாள். இரண்டு ஒட்டினாள். மூன்றாவதன்மேல் கட்டைவிரல் போனது.

"அது டார்ச்சுமா."

"இம்மாம் பெரிய டார்ச்சா கீது! கல்யாண மண்டபத்துக்கே வெளிச்சம் குடுக்கும் போல" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டாள். பின்னால் வரிசை நின்றிருந்தது. உள்ளே நடக்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. ஒரு கண் திறந்திருக்கிறது. போதும்.

முதல் பெட்டி வந்ததும், நாற்காலியில் உட்கார்ந்தபடி ரேக் மறைவில் போனை எடுத்து, தூரத்தை இழுத்துக் காட்டுகிற மூன்றாம் கண்ணைத் தேர்ந்தெடுத்து, பாகத்தின் எண்ணுக்கு நேரே பிடித்தேன். ஒரு நொடி ஏதோ இரும்பின் நிறம் மினுங்கியது. பிறகு திரை மொத்தமும் கறுத்தது. தள்ளிப் பிடித்தால் இரும்பு, பக்கத்தில் கொண்டுபோனால் கறுப்பு. அந்தக் கண் தூரத்துக்கு மட்டுமானதாம். பொருள் கிட்டே வந்தால் போனே, என்னைக் கேட்காமல், பெரிய கண்ணுக்கு மாறிக்கொள்ளுமாம். பெரிய கண்ணின்மேல் ஸ்டிக்கர். இதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை, அல்லது நான் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருப்பார்கள். தள்ளிப் பிடித்தாலோ, எண் பொடியாகி பெயின்டில் கரைந்து போனது. இயர்போனில் அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "எழுத்து எதுவும் காணப்படவில்லை."

மறுபடி பிடித்தேன். மறுபடி சொன்னாள். அவளுக்கு அலுக்கவே இல்லை.

"சார், இது ஓகேவா? வண்டி நிக்குது" என்று பேக்கிங் மேஜையிலிருந்து குரல் வந்தது. பிள்ளைப்பாக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் வேலை செய்கிறவள். எழுதுபலகையோடு என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். நான் போனைப் பாக்கெட்டில் போட்டேன். பாகத்தை வெளிச்சத்தில் திருப்பினேன். காதைப் பார்க்கிற மாதிரி எண்ணுக்குப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாக இருக்கலாம். எட்டாக இருக்கலாம். லேபிள் மூன்று என்று ஸ்கேனர் சொல்லியிருந்தது; இரும்பில் எட்டாக இருந்தால், யாரோ ஒருவர் காருக்கு இடப்பக்கத்துப் பெட்டியில் வலப்பக்கத்து பாகம் போகும்.

"தெரியல" என்றேன்.

"இன்னா சார் தெரியல? உங்களுக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

தமிழில் இது ஒரு வசதி. அறியாமல் இருப்பதற்கும் பார்க்க முடியாமல் இருப்பதற்கும் ஒரே சொல். இத்தனை நாள் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு ஓட்டியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் என்னை அடக்கமானவன் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

"கண்ணு தெரியலம்மா எனக்கு" என்றேன்.

"காமெடி பண்ணாதீங்க சார், டிரைவர் கத்துறாரு."

"காமெடி இல்ல. மூணா எட்டான்னு எனக்குத் தெரியல. இந்தப் பெட்டிய மட்டும் இல்ல, இன்னிக்கு எதையும் நான் ஓகே பண்ண முடியாது. எல்லாத்தையும் ஹோல்டுல போடு."

அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றதை மட்டும் கேட்டேன். லைன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே லாரி ஒருமுறை ஹாரன் அடித்தது. அவள், நிறுத்திவைக்கும் பெட்டிக்குப் போடுகிற சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தாள். நிறம் எனக்கு இன்னும் இருக்கிறது, சிவப்பு நன்றாகவே வருகிறது.

"காரணம்னு போட்டுக்கீது சார். இன்னா எழுதட்டும்?" இந்த முறை மெதுவாகத்தான் கேட்டாள்.

"நான் சொன்னதையே எழுது."

பேனா அட்டையின்மேல் கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு ஏதோ எழுதினாள். நீளமாக இல்லை, ஒன்றிரண்டு வார்த்தை இருக்கும். அட்டையைப் பெட்டியின்மேலேயே வைத்துவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடப் போனாள். நான் குனிந்து எழுத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், அட்டையைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுவந்தும் பார்த்தேன். நான் சொன்னதைத்தான் எழுதினாளா, என்மேல் இரக்கப்பட்டு வேறு ஏதாவது எழுதினாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் வரும் சத்தம் கேட்டது. அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.