மலைக்குப் பத்தியம், ஊசிக்கு மாத்திரை

வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஒல்லியாக இருந்ததால் சிறு வயதில் வைத்த பெயர்; பிறகு அவள் தையல்காரியும் ஆகிவிட்டதால் பொருத்தம் பார்த்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. சீருடைகளின் நீளத்தைக் குறைப்பதும், பெருத்துப் போனவர்களின் இடுப்பைப் பிரித்து விடுவதும் அவள் பிழைப்பு. பிரிக்க வருகிற ஒவ்வொருவரும் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "உடம்புன்னா இப்படி வச்சுக்கணும்." அந்த உடம்பில் எலும்பும் தோலும் தவிர வைத்துக்கொள்ள எதுவும் இல்லை என்பது அவர்கள் கண்ணில் படாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க அவள் இரண்டு முறை மூச்சுப் பிடிப்பதும் படாது.

அவள் தம்பிக்குப் பெயர் மலை. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். அவன் சட்டைக்குக் கை தைப்பது அவளுக்குத் தலையணைக்கு உறை தைப்பது போல இருக்கும்.

கூடத்தில் இலவச ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். மலை அக்காவையும் இழுத்துக்கொண்டு போனான். முடிவு வந்தபோது அவனுடைய தாளில் கிரியேட்டினின் அதிகம், சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைவு என்று தடித்த எழுத்தில் இருந்தது. அவளுடையதில் எல்லாம் இயல்பு.

அன்றோடு மலை சரிந்தது. பளு தூக்கியவன் தலையணையைத் தூக்கவும் ஆள் தேடினான். அம்மா மகன் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. மலைக்கு உப்பில்லாமல் ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. இரண்டிலும் நின்றவள் ஊசி.

"அக்கா, இதுல ருசியே இல்ல."

"கிட்னி வேணுமா, ருசி வேணுமாடா?"

"ரெண்டும் வேணும்."

நின்று நின்று அவள் கால் வீங்கியது. செருப்பின் வார் பதிந்த பள்ளம் ராத்திரி வரை நிறையாது. அம்மாவிடம் காட்டினாள்.

"உனக்கென்னடி? ரிப்போர்ட்தான் தங்கமா வந்திருக்கே! நாள் முழுக்க மெஷின்ல உக்காந்தா வீங்கத்தான் செய்யும். தம்பிக்குக் கஞ்சி ஆறிப்போச்சு பாரு."

தையலில் குனிந்த முதுகுக்கு அவள் வெகுகாலமாக வலி மாத்திரை போட்டு வந்தாள். மருந்துக் கடைக்காரர் மட்டும் ஒருநாள், "தினம் போட்டா கிட்னிக்கு ஆகாதும்மா" என்றார். அவள் ரிப்போர்ட்டை நீட்டினாள். பார்த்துவிட்டு அவர் மன்னிப்புக் கேட்காத குறையாக இன்னொரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். நல்ல ரிப்போர்ட் என்பது அப்படி ஒரு அனுமதிச் சீட்டு.

பெரிய டாக்டரிடம் மலைக்கு நாள் கிடைத்தது. பை, தண்ணீர், மடித்த போர்வை சகிதம் துணைக்குப் போனவள் ஊசி. டாக்டரம்மா தாளைப் பார்த்தார். அப்புறம் மலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"தம்பி, கிரியேட்டினின் சதையிலேருந்து வர்ற கழிவு. உங்ககிட்ட நாலு பேரோட சதை இருக்கு, போதாததுக்கு டப்பா டப்பாவா புரோட்டீன் பவுடர் வேற. அளவு ஏறத்தான் செய்யும். கணக்கு போடுற கம்ப்யூட்டருக்கு உங்க வயசு தெரியும், ஆம்பளைன்னு தெரியும். மலையா மடுவான்னு தெரியாது."

"அப்ப சதை கம்மியா இருந்தா?" என்று கேட்டாள் ஊசி, சும்மா.

"கிட்னி கெட்டிருந்தாலும் நம்பர் நல்லாதான் காட்டும்." சொல்லிக்கொண்டே டாக்டரம்மா நிமிர்ந்தார். மணிக்கட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "செருப்பைக் கழட்டுங்கம்மா. முதுகுவலிக்கு, தூக்கத்துக்கு எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

ஊசி பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மலைக்காகச் சுமந்து வந்த பைக்குள் அவளுடையது அது ஒன்றுதான்.

சதையின் அளவைப் பொறுத்து அவ்வளவாக மாறாத இன்னொரு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் இருவருக்கும் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது. மலைக்கு ஒரு குறையும் இல்லை. ஊசிக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. சிறுநீரில் புரதம் ஒழுகியது.

"வலி மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க. உப்பைக் குறைங்க. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திடலாம்."

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா டாக்டர்?" என்றான் மலை, இருந்த வேலையும் போனவன் குரலில்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதாள். யாருக்காக என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, "சரி, எழுந்து உலை வைடி, புள்ள பசியோட இருக்கான்" என்றாள்.

ஊசி கட்டிலில் உட்கார்ந்தாள். மலையின் மூன்று தலையணைகளையும் இழுத்துக் கால்களை அவற்றின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"டேய், நீ போய் அடுப்பைப் பத்த வை."

"நானா? உப்பில்லாம எப்படிக்கா சமைக்கிறது?"

"உப்பு போடாம."

மலை அம்மாவைப் பார்த்தது. அம்மா ஊசியின் காலைப் பார்த்தாள். மலை நகர்ந்தது.