கன்னத்துக்கு வைத்த அட்டைகள்

செய்தி வந்தபோது நான் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். "தம்பி, அண்ணை போயிட்டார்" என்று போனில் சொன்னார் அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா. கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றேன்.

பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாரையும் பகிடி பண்ணிய மரியதாஸ் அண்ணையை, அவரை நினைவுகூர வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். மன்னாரில் பிறந்தவர், இந்தக் குளிர் நாட்டில், டொலார்டில் என் பக்கத்து வீட்டுக்காரர். வாத்து வேட்டைத் துவக்குக்கு, தன் உடம்பின் அளவுக்கே, தோளிலும் கன்னத்திலும் பதிக்கும் பிடியை, வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்துகொண்டு வால்நட் மரத்தில் செதுக்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. கடைத் துவக்கின் பிடி அவருடைய குட்டைக் கழுத்துக்கும் கொழுத்த கன்னத்துக்கும் சரிவரவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இந்த மனுசன் இஞ்சை துவக்கைக் கொஞ்சிக்கொண்டு நிக்குது" என்பார் அக்கா.

அளவு பார்ப்பதற்கு, குண்டில்லாத துவக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுவார். கன்னத்தைப் பிடியில் பதித்து, அக்காவின் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் கண்ணைத் திறப்பார். குழலுக்கு நேர் மேலே கண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடியும் சீவுவார்.

கோடை முழுவதும் சாரத்தோடும் வெறும் மேலோடும் நின்று அளவெடுத்தார். குளிர் தொடங்கி, தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏற்றினால் பிடி கமக்கட்டில் சிக்கியது. எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நுனியில் ஒரு விரல் தடிப்பை அறுத்தெடுத்தார். "மரத்தைக் குறைக்கலாம் தம்பி, கூட்டேலாது" என்றார்.

அந்தப் பனிக்காலத்தில்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. கன்னம் உள்ளே போகப் போக, கண்ணாடியில் கண் குழலுக்குக் கீழே இறங்கியது. "ஹீட்டர் சூட்டுக்கு மரம் காஞ்சு இறங்கிட்டுது, என்ன?" என்று கேட்டார். நானும் அக்காவும் ஓம், மரம்தான் என்றோம். சந்தைப் பெட்டியில் அட்டை வெட்டி, பிடியின் மேல் ஒட்டிக் கொடுத்தேன். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் இன்னும் ஓர் அட்டை தேவைப்பட்டது. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"இலை விழேக்கை ஒருக்கா வாத்துக்குப் போவம். என்ரை பிடியாலை ஒரு வெடி வச்சால் காணும்" என்பதே அவருடைய ஆசை.

கடைசியாக ஏற்றியபோது துவக்கைத் தூக்க அவருக்குப் பலமில்லை. கீழே நான் தாங்கிப் பிடித்தேன். கண்ணைத் திறந்து நெடுநேரம் கண்ணாடியைப் பார்த்தார்.

"இப்ப நேராத்தான் இருக்கு" என்றார். பிறகு, "ஆனா இது ஆர் தம்பி?" என்றார்.

நான் துவக்கை மெல்ல இறக்கி வைத்தேன்.

இலைகள் இன்னும் விழவில்லை. துவக்கைப் பொலிசில் முறைப்படி ஒப்படைத்தாயிற்று. பிடியை மட்டும் கழற்றி அக்கா எனக்குத் தந்தார். "உந்த அட்டையளை உரிச்சுப்போட்டு வடிவா வையுங்கோ" என்றார். உரித்தால், நீங்களெல்லாரும் அறிந்த அந்தச் சிரித்த முகத்தின் அளவு கிடைக்கும். ஆனால் அந்த அட்டைகளின் தடிப்புத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் இழந்தது. உரிக்க நகத்தை வைத்தேன், முடியவில்லை. அட்டைகளோடுதான் வைத்திருக்கிறேன்.